றாமுக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரின் சுவிச்சைப் போட்டுவிட்டு நான் குளிக்கப் போவேன். கிணற்றில் அள்ளி வார்த்து, தலை துவட்டி, வேட்டி மாற்றி, விபூதி பூசிக்கொண்டு வந்து பார்த்தால் திரையில் அந்தச் சின்ன வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக் கோபப்பட எனக்கு உரிமை கிடையாது. நான் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். என் உத்தியோக காலத்தில் நான் எழுதி ஒட்டிய நேரத்துக்கு வந்த பஸ் என்று ஒன்றை எவரும் காட்ட முடியாது. பிந்தி வருவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது. இப்போது ஓய்வூதியமும் தருகிறது.

என் மனைவி வேறு ரகம். வயலின் ரீச்சர். கறிக்குத் தாளிக்கும்போதுகூடக் கடுகு காலம் தப்பி வெடித்தால் அவளுக்குப் பொறுக்காது. பள்ளிக்கூடத்தால் ஓய்வுபெற்ற பிறகு, வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் வயலின் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். பின்னேரமானால் சேலை கட்டி, பொட்டு வைத்து, அந்தத் திரைக்கு முன்னால் பாயைப் போட்டு நிமிர்ந்து உட்காருவாள். கனடாவில், நோர்வேயில், லண்டனில் ஏதோ ஒரு பிள்ளை கொட்டாவி விட்டபடி வில்லை எடுக்கும். புத்தூரில் இருந்துகொண்டு உலகத்தையே அதட்டுவாள். எனக்குக் கிடைக்கவேண்டிய அதட்டல்களில் பாதி இப்படிப் பரதேசம் போனதில் எனக்கும் நன்மை இருந்தது.

பிரச்சினை அந்தக் கொம்பியூட்டர்தான். மகன் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் வாங்கியது. அவன் படித்து, கப்பல் ஏறாத குறையாக ஒஸ்ரேலியாவுக்குப் போய், அங்கே தலைமயிரும் நரைக்கத் தொடங்கிவிட்டது. இது மட்டும் சாப்பாட்டு அறை மூலையில், மனைவி தைத்த பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது படம் அப்படியே உறைந்து போகும். ஒருநாள் உறைந்த கோலம் எப்படியென்றால், மனைவி வாயை ஆவென்று திறந்தபடி, ஒரு கண் மூடி ஒரு கண் திறந்து, வில்லை ஓங்கிக்கொண்டு இருந்தாள். நோர்வேப் பிள்ளை ஒன்று அதைப் படம் பிடித்துவிட்டது. அது சுற்றிச் சுழன்று எங்கள் குடும்பக் குறூப்புக்கே வந்தது. வந்ததை எல்லோருக்கும் திருப்பி அனுப்பியவன் அவளுடைய சொந்தத் தம்பி. பக்கத்து வளவில் வெங்காயத் தோட்டம் செய்கிறவன். என் மச்சான்.

"அக்கா, நோர்வேக்காரர் பயந்துபோய்க் கதவைப் பூட்டியிருப்பினம்," என்றான்.

சிரித்தோம். ஆனால் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தார்கள். ஒன்றுக்கு நீச்சல், ஒன்றுக்குக் கணக்கு ரியூசன். தாய்மார் மரியாதையானவர்கள். ஒருவரும் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. கடைசியில் ரொறன்ரோவிலிருந்து ஒரு தாய் சொன்னார். அவருக்கு இரட்டைப் பெண் பிள்ளைகள். விஜயதசமிக்கு வயலின் தொடக்குவதாக ஏற்பாடு.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. உங்களட்டைத்தான் தொடக்கோணும் எண்டு எனக்கு விருப்பம். ஆனா முதல் நாளே சத்தம் அறுந்து அறுந்து வந்தால் இவரின்ரை தாய் சகுனம் சரியில்லை எண்டு சொல்லுவா. அண்டைக்கு ஒழுங்கா ஓடினால் பாப்பம். இல்லாட்டில் சென்னையிலை ஒரு மிஸ் இருக்கிறா எண்டு சொல்லுகினம்."

மனைவி போனை வைத்தாள். துணியை எடுத்து வயலினைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். அந்த இரண்டு பிள்ளைகளும் போனால் மிச்சம் இருப்பது லண்டன் பெடியன் ஒருவன்தான், அவனும் மாதத்தில் பாதி நாள் தடிமன் காய்ச்சல் என்று படுத்துவிடுவான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனில் படிப்பிக்கலாமே என்று நான் முன்பே சொல்லிப் பார்த்தேன். "பிள்ளையின்ரை விரல் எந்த இடத்திலை நிக்குதெண்டு நான் பாக்க வேண்டாமோ? போனிலை அது புளியங்கொட்டை மாதிரித் தெரியுது," என்றாள். மகன் புது லப்டொப் வாங்கி அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்று தடுத்தவன் நான்.

"என்னத்துக்கு வீண் செலவு? இதை நான் சரியாக்குவன்."

"நீங்களோ?" மனைவி கேட்ட விதத்தில் அது கேள்வியே இல்லை.

"வீடியோ பாத்துப் படிச்சிட்டன். இதுக்கு நோய் நொடி ஒண்டுமில்லை. ஞாபகம் போதாது. றாம் எண்டு ஞாபகப் பட்டி ஒண்டு இருக்கு, புதுசா ரெண்டு கொழுவினால் சரி. கையோடை ஹாட் டிஸ்க்கையும் மாத்திப்போட்டால் குதிரை மாதிரி ஓடும்."

"ஞாபகம் கொழுவுற கடையெண்டால் உங்களுக்கும் ஒண்டு கொழுவிக்கொண்டு வாங்கோ. போன கிழமை சந்தையிலை என்னை மறந்துபோட்டு வந்தனீங்கள்."

அது உண்மை. ஆனால் பையை மறக்கவில்லை.

யாழ்ப்பாணப் பட்டணத்தில், பெரியகடைப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள், பழைய கொம்பியூட்டர்ச் சாமான்கள் விற்கும் கடை இருக்கிறது. கடைக்காரர் புத்தளத்தில் வளர்ந்து, தகப்பனுடைய தெருவுக்கே திரும்பி வந்து கடை போட்ட ஒரு முஸ்லிம் மனிதர். என்னைவிட வயது குறைவு, பகிடி அதிகம். நான் போனில் பிடித்துக்கொண்டு போன படங்களைப் பார்த்தார். கொம்பியூட்டரின் மொடலைப் பார்த்ததும் கையை நெஞ்சில் வைத்தார்.

"அண்ணை, இது இன்னும் உயிரோடை இருக்கா?"

"மூச்சு இருக்கு. எழும்பி நடக்கிறதுதான் கஷ்டம்."

அலுமாரிக்குள் துழாவி இரண்டு றாம் எடுத்து வைத்தார். இரண்டு விரல் அகலத்தில் நீளமான பச்சைப் பட்டி. கறுப்புக் கட்டிகள் ஒட்டியிருந்தன. அடியோரம் முழுக்கத் தங்கப் பல் வரிசை. பார்த்தால் பழைய காலத்து அட்டியல் ஒன்றின் துண்டு போல இருந்தது. பிறகு புது மாதிரி டிஸ்க் ஒன்றைக் கையில் தந்தார். பிஸ்கட் பெட்டி கனம்கூட இல்லை. வெறும் பெட்டியோ என்று காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தேன்.

"ஆட்டினாலும் சத்தம் வராது அண்ணை. உள்ளுக்குச் சுத்துற சாமான் ஒண்டும் இல்லை. எல்லாம் நானே ஏத்தி விட்டிருக்கிறன், கொழுவினால் சரி. பழைய டிஸ்க்கையும் பக்கத்திலை விடுங்கோ, உங்கடை படமெல்லாம் அதிலை கிடக்கட்டும். ஏன் கஷ்டப்படுறியள், பெட்டியைக் கொண்டு வாங்கோவன், நான் போட்டுத் தாறன்."

"இல்லை இல்லை. எனக்குப் பழக்கம்."

பொய். நான் வாழ்நாளில் கழற்றிய ஒரே இயந்திரம் என் சைக்கிள். அது இன்னும் கழற்றினபடியே பின்வளவில் கிடக்கிறது.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, றாமின் நடுவில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளை ஸ்ரிக்கரைத் தொட்டுக் காட்டினார். "இதை மட்டும் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ. இதிலை ஈரம் பட்டாலோ கிழிஞ்சாலோ நான் மாத்தித் தரமாட்டன்."

இந்த ஒரு வசனத்தை மட்டும் நான் மந்திரம் போல மனதில் பதித்துக்கொண்டேன். ஸ்ரிக்கர், ஸ்ரிக்கர், ஸ்ரிக்கர். பருத்தித்துறை பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழி முழுவதும் வேறு நினைவே இல்லை.

வாங்கி வந்த அன்றே கொழுவியிருக்கலாம். எனக்குத்தான் இன்னும் ஒரு வீடியோ பார்க்கவேண்டும் என்று தோன்றியது. ஒரு வீடியோக்காரன் இடமிருந்து வலம் கழற்றினான், இன்னொருவன் வலமிருந்து இடம். யாரை நம்புவது? அப்படி யோசித்து யோசித்து நவராத்திரியே முடியப்போனது. சரஸ்வதி பூசை வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் கும்பம் வைத்து, புத்தகங்கள், வயலின், சுருதிப் பெட்டி, மச்சானின் மண்வெட்டி, என் பழைய டிப்போ விசில் எல்லாவற்றையும் பூசையில் வைத்தோம். வைத்தால் விஜயதசமி காலை வரைக்கும் தொடக்கூடாது. நான் உள்ளே போய் றாம் இரண்டையும் புது டிஸ்க்கையும் கொண்டுவந்தேன்.

"இதையும் வைக்கப் போறியளோ?" என்று கேட்டாள் மனைவி. கையில் மோதக மா.

"பின்னை? உம்மடை வயலின் இஞ்சையிருந்து கனடாவுக்குக் கேக்கிறதெண்டால் இதாலைதானே போகோணும். இதுவும் வித்தைக் கருவிதான்."

அவளுக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது. என் நியாயம் ஒன்று அவளுக்குப் பிடிப்பது மிகவும் அபூர்வம் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. விபூதி, சந்தனம், குங்குமம் வைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அவள் மோதகம் அவிக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

வயலின் பெட்டிக்கு வைத்தேன். புத்தகங்களுக்கு வைத்தேன். டிஸ்க்கின் முதுகில் வட்டமாக ஒரு பொட்டு. பிறகு றாம். இங்கேதான் மூளையைப் பாவித்தேன். நடுவில் வைக்கலாம் என்றால் ஸ்ரிக்கர். ஈரம் படக்கூடாது. கறுப்புக் கட்டிகளுக்கு மேலே வைத்தால் வடிந்து ஸ்ரிக்கருக்குப் போகக்கூடும். மிச்சம் இருந்தது அடியோரத்துத் தங்கப் பல் வரிசை. தங்கத்துக்குச் சந்தனம் பொருத்தமான அலங்காரமும்கூட. குழைத்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு, பல் வரிசை நெடுகப் பொட்டுப் பொட்டாக வைத்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். மேலே மெல்லிய விபூதிக் குறி. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மற்றப் பக்கம் மனம் நோகும் என்று திருப்பியும் வைத்தேன். ஸ்ரிக்கரில் ஒரு துளி படவில்லை. எட்ட நின்று பார்த்தேன். இரண்டும் குட்டித் தேர் மாதிரி இருந்தன.

விஜயதசமி காலை பூசை முடிந்தது. மனைவி வயலினை எடுத்து இரண்டு வரி வாசித்தாள். மச்சான் மண்வெட்டியை எடுத்துத் தன் வீட்டு வாசல் படலையடியில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் திரும்பி வந்து, கடலைக் கிண்ணத்தோடு கதிரையில் சாய்ந்தான். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். ரொறன்ரோப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகமுன் வகுப்பு. எங்களுக்கு அது பின்னேரம். நேரம் தாராளமாகக் கிடந்தது.

"அத்தான், கரண்டைக் கழட்டினியளோ?"

"எனக்குச் சொல்லித் தாறியோ?" என்று சொல்லிக்கொண்டே போய் வயரைக் கழற்றினேன்.

பக்கத் தகட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு தோட்டம். புத்தூர்ச் செம்மண் எல்லாம் காற்றோடு வந்து அங்கேதான் குடியேறியிருந்தது. பல்லி முட்டை ஓடுகள். ஒரு பல்லியே எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரன் வந்துவிட்டான் என்ற சலிப்போடு இறங்கிப் போனது.

"அத்தான், இதுக்குள்ளை வெங்காயம் நடலாம். நல்ல மண்."

சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து அடித்தேன். சைக்கிள் ஓடாவிட்டாலும் பம்ப் ஓடுகிறது. செம்மண் புகையாகக் கிளம்பி என் முகத்தில், நெஞ்சில், மச்சானின் கடலையில் எல்லாம் படிந்தது. அவன் கிண்ணத்தை மூடிக்கொண்டு தும்மினான். உள்ளே இருந்த ஒரே ஒரு பழைய றாமைக் கிளிப்பைத் தட்டிக் கழற்றி எடுத்தேன். புது டிஸ்க்கைப் பழையதற்குப் பக்கத்தில் வைத்து வயர் கொழுவினேன். பிறகு பூசையில் இருந்த றாம் இரண்டையும் எடுத்து சால்வையால் ஒற்றினேன். அழுத்தித் துடைத்தால் ஆசீர்வாதம் போய்விடும் என்று ஒரு எண்ணம். பொட்டுகள் காய்ந்து, பல்லுக்குப் பல் இடையில் இறுகிப் பிடித்திருந்தன. இருந்தால் இருக்கட்டும், உள்ளே போனால் யார் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டையும் இரண்டு பள்ளத்திலும் வைத்து அமத்தினேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புதுச் சாமான் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று இன்னும் அமத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"இஞ்சாரும், வந்து சுவிச்சைப் போடும். உம்மடை கையாலைதான் போடோணும்."

அவள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள். சாமியைக் கும்பிட்டுச் சுவிச்சைப் போட்டாள்.

பீ…ப். பீ…ப். பீ…ப்.

திரை கறுப்பு. பெட்டி மட்டும் பால் கேட்கும் கன்றுக்குட்டி மாதிரிக் கத்திக்கொண்டே இருந்தது. மனைவி தலையைச் சரித்துக் கேட்டாள்.

"நிஷாதம். ஆனா கொஞ்சம் இறங்கிக் கிடக்கு," என்றாள்.

"உதோ இப்ப முக்கியம்?"

"சுருதி எப்பவும் முக்கியம்."

நிறுத்தினேன். இடப் பக்கத்து றாமை வலப் பக்கம் போட்டேன். பீப். வலப் பக்கத்தை இடப் பக்கம் போட்டேன். பீப். ஒன்றை மட்டும் போட்டேன். மற்றதை மட்டும் போட்டேன். இரண்டு வீடியோக்காரர்களின் முறைகளையும் கலந்து செய்தேன். சரி, தோல்வியை ஒப்புக்கொண்டு பழையதையே போட்டு, மெதுவாகவாவது ஓடட்டும் என்று பழைய றாமைக் கொழுவினேன்.

பீ…ப்.

முன்பு பிந்தி வந்த பஸ். இப்போது பஸ்ஸே இல்லை. மச்சான் கடலை சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குக் காட்டியது.

மனைவி ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "சரி, விடுங்கோ. அந்தப் பிள்ளையின்ரை தாய்க்கு இப்பவே சொல்லிவிடுறன். நிண்டு போறதிலும் பாக்க தொடங்காமல் விடுறது நல்லம். சென்னையிலையே பழகட்டும்," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனைத் தேடிக்கொண்டு அறைக்குப் போனாள். போன் அவளுடைய கையிலேயே இருந்தது.

"பொறும், பொறும்! கடைக்காரரைக் கேக்கிறன். அதுக்குப் பிறகு சொல்லும்."

கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். பீப் சத்தத்தைப் போனுக்குள் கேட்க வைத்தேன்.

"அது றாம் புடிக்கேல்லை எண்டுற சத்தம் அண்ணை. வடிவா இருத்தினீங்களா?"

"ஏறி நிண்டு இருத்தினமாதிரி இருத்தினனான்."

"பழசும் கத்துதா? அப்ப பள்ளத்திலைதான் ஏதோ. றாமைக் கழட்டி ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ பாப்பம்."

படம் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. பிறகு அவரே எடுத்தார்.

"அண்ணை… அந்தப் பல்லு நெடுக மஞ்சளாக் கிடக்கிறது என்ன?"

"அது… சந்தனம்."

"சந்தனம். சரி. நடுவிலை சிவப்பு?"

"குங்குமம்."

"அதுக்கு மேலை வெள்ளையா ஒண்டு…"

"விபூதி."

அவர் போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. கடைக்குள் இருந்த வேறு யாரோ "என்ன, என்ன?" என்று கேட்டார்கள். பிறகு அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் என் போன் அதிர்ந்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"ஏன் அண்ணை அவ்வளவு இடம் கிடக்க அந்தப் பல்லிலை வச்சனீங்கள்?"

"நீங்கள்தானே ஸ்ரிக்கரிலை ஈரம் படக்கூடாதெண்டு சொன்னனீங்கள்!"

"ஸ்ரிக்கர் எப்பிடி இருக்கு?"

"புத்தம் புதுசா இருக்கு."

"அதெண்டால் சந்தோசம். பெருநாளுக்கு நாங்களும்தான் அத்தர் பூசுறம், ஆனா இது வரைக்கும் றாமுக்குப் பூசினதில்லை அண்ணை." திரும்பவும் சிரித்து, இருமி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "சரி, பயப்படாதேங்கோ. எரிஞ்சு போகேல்லை. பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவிலை உங்கடை பக்தி நிக்குது, கரண்ட் போகேலாமல் நிக்குது. அவ்வளவுதான். அழிறப்பர் இருக்கா? பள்ளிக்கூடப் பிள்ளையள் பாவிக்கிறது. அதாலை பல்லைத் தேயுங்கோ. பள்ளத்துக்கு ஒருதரும் வாயிலை வைக்காத பல் பிறஷ் ஒண்டு எடுத்து, ஸ்பிரிட்டிலை சாடையாத் தோச்சு உரஞ்சுங்கோ. நல்லாக் காய விட்டிட்டுக் கொழுவுங்கோ. காயாமல் கொழுவினால் பேந்து நான் சிரிக்கமாட்டன்."

திரும்பி வந்து பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இங்கே வசனம் எழுதப் போவதில்லை. அச்சில் போட ஏற்றதல்ல.

"அக்கா, நல்லகாலம் அத்தான் தேங்காய் உடைக்கேல்லை," என்றான் மச்சான். சொல்லிவிட்டு, ஏச்சு வரமுன் புது பல் பிறஷ் வாங்கச் சந்திக்குத் தன் சைக்கிளில் பறந்தான்.

பூசையில் வைத்த பென்சில் பெட்டிக்குள் அழிறப்பர் கிடைத்தது. மனைவி அதை என்னிடம் தரவில்லை. பாயில் உட்கார்ந்து, றாமை மடியில் துணி விரித்து வைத்து, ஒரே திசையில், ஒரே அளவு அழுத்தத்தில் தானே தேய்த்தாள். வில் பிடித்த கை. சந்தனம் உருண்டு உருண்டு கழன்றது. அடியில் இருந்து தங்கம் எட்டிப் பார்த்தது.

"பாத்தீங்களோ, இழுக்கிற இழுவை ஒரே சீரா இருக்கோணும். நீங்கள் எதைப் பிடிச்சாலும் பஸ் பிறேக் போடுற மாதிரித்தான்."

நான் பெட்டிக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு பள்ளத்தை உரஞ்சினேன். ஸ்பிரிட் வாசனையும் சந்தன வாசனையும் சேர்ந்து, ஆஸ்பத்திரிக்குள் கலியாணம் நடப்பது போல ஒரு மணம். மச்சான் கைபோனின் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு, "அந்தா, அந்த மூலையிலை இன்னும் ஒரு குங்குமம்," "உது மண், விடுங்கோ," "இல்லை அத்தான், விபூதி," என்று வழி காட்டினான். அன்றைக்குப் பொறுமை இழந்து நின்ற எங்கள் மூன்று பேருக்கும் காய விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. நான் வாயால் ஊதப் போனேன். மனைவி தோளில் தட்டித் தடுத்தாள். மச்சான் பனையோலை விசிறியை எடுத்து, தாய்மார் பிள்ளைக்கு வீசுவதுபோலக் கொம்பியூட்டருக்கு வீசினான். மத்தியானச் சாப்பாட்டை ஒருவரும் நினைக்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கியது. ரொறன்ரோவில் இப்போது பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க வார்த்துக்கொண்டிருப்பார்கள். தாயின் செய்தி ஒன்று வந்தது: "ரீச்சர், நாங்கள் ரெடி. பிள்ளையள் பட்டுப்பாவாடை போட்டிட்டினம்." படமும் வந்தது. இரண்டு பிள்ளைகள், பல் விழுந்த சிரிப்பு, அவர்களைவிடக் கொஞ்சம் சின்னதாக இரண்டு வயலின். மனைவி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பதில் ஒன்றும் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள். நம்பிக்கையால் போனாளா, நம்பிக்கை இல்லாமலும் சேலை மாற்றவேண்டியது முறை என்று போனாளா, எனக்கு விளங்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது நான் றாம் இரண்டையும் கொழுவி முடித்திருந்தேன். இந்த முறை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. சுவிச்சைப் போடச் சொல்லி நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. சத்தம் போடாமல் நானே போட்டேன்.

பிப்.

ஒன்றே ஒன்று. சின்னது. பிறகு காற்றாடி சுழலும் சத்தம். திரையில் வெளிச்சம். நான் வழக்கப்படி குளிக்கப் போகலாம் என்று எழும்பி இரண்டு அடி வைப்பதற்குள் எல்லாம் வந்து நின்றுவிட்டது. நம்பமுடியாமல் நிறுத்தி, திரும்பப் போட்டேன். திரும்பவும் அப்படியே வந்தது.

"அத்தான், இதென்ன, எக்ஸ்பிரஸ் பஸ்ஸோ?" என்றான் மச்சான்.

வகுப்பு தொடங்கியது. திரை நிறைய இரண்டு சின்ன முகங்கள். பின்னால் தாய், அவருக்குப் பின்னால் சகுனம் பார்க்கும் மாமியாரும் கை கட்டிக்கொண்டு நின்றார். மனைவி கும்பிடச் சொன்னாள். வயலினைத் தோளிலும் காலிலும் எப்படி வைப்பது என்று காட்டினாள். "இப்ப ரெண்டாம் கம்பியிலை வில்லை வைச்சு, மெல்ல இழுங்கோ பாப்பம். நான் ச எண்டு பாடுவன்."

ஒரு பிள்ளை இழுத்தது. ஐயோ, அந்தச் சத்தம்! துருப்பிடித்த படலையைக் காற்று ஆட்டுவது போல, யாரோ பூனையின் வாலில் கதிரையை வைத்தது போல. மற்றப் பிள்ளையும் சேர்ந்து இழுத்தது. வெளியே மச்சானின் நாய் எழும்பி நின்று குரைத்தது. ஆனால் அறுபடவில்லை. ஒரு துளி அறுபடவில்லை. ரொறன்ரோவில் வில் தொடங்கிய இடத்தில் இருந்து முடிந்த இடம் வரைக்கும், ஒரு கர்ண கொடூரம் முழுசாக எங்கள் சாப்பாட்டு அறைக்கு வந்து சேர்ந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவளுடைய முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பெரிய வித்துவான்களின் கச்சேரியிலும் பார்த்ததில்லை.

"வடிவு. இன்னொருக்கா," என்றாள்.

மாமியார் ஏதோ தாயின் காதுக்குள் சொன்னார். தாய் சிரித்துக்கொண்டு கிட்ட வந்தார். "ரீச்சர், மாமி சொல்லுறா, நல்லாக் கேக்குதாம். ஒவ்வொரு கிழமையும் இதே நேரம் வைப்பமோ?"

"ஓம், வைப்பம்," என்றாள் மனைவி. ஒரு வினாடிகூடப் பிந்தாமல்.

வெற்றிக் களிப்பில் நான் பின்னால் உலாவிக்கொண்டிருந்தேன். படம் எப்போதும் உறைந்தே கிடந்ததால் மனைவிக்குப் பின்னால் இடுப்பில் கட்டிய சாரத்தோடு அங்குமிங்கும் திரிவது எனக்கு வழக்கம்; எவருக்கும் நான் தெரிந்ததில்லை. இன்றைக்கு இரட்டையரில் ஒரு பிள்ளை வில்லை இறக்கிவிட்டு என்னையே கண் வெட்டாமல் பார்த்தது. அப்போதுதான் திரையின் மூலையில் என்னை நானே கண்டேன். மேலுக்கு ஒன்றும் இல்லை. முகமெல்லாம் செம்மண். காதோரத்தில் ஒரு குங்குமம். கையில் பல் பிறஷ்.

"ரீச்சர், அது ஆர்?" என்று கேட்டது பிள்ளை.

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது கொம்பியூட்டர் திருத்த வந்தவர் பிள்ளை. வேலை முடிஞ்சுது. இப்ப போயிடுவார்."

நான் போய்விட்டேன். குசினிக்குள் மச்சான் மோதகத் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.